ஞானாசாரமும் எந்திர ஏடும்

சித்தன்னவாசலை அறியாத தமிழ்ச் சமணர் இரார். புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அக்குன்றிற்குச் செல்வோரிற் பெரும்பாலோர், அறிவர் கோயில் விதானத்தில் தீட்டப்பெற்ற தாமரைத் தடாகத்தைக் காண்பதற்கென்றே செல்கின்றனர். மீனும் அன்னமும் யானையும் எருதும் விளங்க, பவ்யர்கள் மலர் பறிக்கும் அந்தச் சமவசரணக் காட்சியின் அழகை நம்மவர் பலகாலும் எழுதியுள்ளனர். ஈண்டு நாம் எடுத்துக்கொள்வது அதே குன்றில் உள்ள, அத்துணை அழகில்லாத மற்றோர் இடம். ஏழடிப்பட்டம் எனப்பெறும் இயற்கைக் குகைத்தளத்தில் துறவியர்க்கென வழவழப்பாகச் செதுக்கிய 17 கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுட் பெரியதொன்றில் தமிழ்ப் பிராமி எழுத்தில் அமைந்த சிறு கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியது என அறிஞர் கருதும் அக்கல்வெட்டு, எருமைநாட்டுக் குமுழூரிற் பிறந்த காவுடி என்பாருக்கு இளயர் என்பார் செய்தளித்த இருக்கை இது என்று தெரிவிக்கிறது. எருமைநாடு என்பது இன்றைய மைசூர்ப் பகுதி. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்க் கன்னட நாட்டிலிருந்து ஒரு துறவி தமிழகத்துக் குன்றிற்கு வந்து தங்கினார் என்பதற்கு நம்மிடம் உள்ள சான்று அந்த ஒருசில சொற்களே.

அந்த ஒருசில சொற்களையும் ஒரே மூச்சில் ஒருவரும் படித்துவிடவில்லை. இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்பதை 1924ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற அனைத்திந்தியக் கீழ்த்திசை மாநாட்டில் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். பின்னர் ஐராவதம் மகாதேவன் 1966இல் ஒரு தொகுப்பும், 2003இல் விரிவான ஆங்கில நூலும் வெளியிட்டார். முன்னையோர் வேறாகப் படித்த நாட்டுப் பெயரை எருமி எனத் தெளிந்தவர் அவரே. இருக்கையைச் செய்தளித்தவரின் ஊரோ சித்துப்போசில் எனவும் சிறுபோசில் எனவும் இருவகையாக அச்சேறியிருக்கிறது. எழுத்துச் சிதைந்த இடத்தில் புள்ளியிடுவதும், ஐயத்துக்குரிய எழுத்தை அடைப்புக்குறிக்குள் வைப்பதும் கல்வெட்டறிஞர் மரபு. தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்பதை அந்தப் புள்ளிகள் படிப்பவனுக்குக் காட்டிக் கொடுக்கின்றன. அவற்றை வெறும் அச்சு அலங்காரம் என்று எண்ணுதல் கூடாது. அவை சத்திய விரதத்தின் ஒரு கூறு.

ஓவியங்களின் வரலாறும் இத்தகையதே. 1920ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் இவ்வோவியங்களைப் பல்லவ மகேந்திரவர்மன் காலத்தனவாகக் கருதி எழுதினார். அக்கருத்து நெடுங்காலம் பாடநூல்களில் நிலைபெற்றது. பிற்பாடு, அவனிபசேகரன் சீவல்லபன் என்னும் பாண்டியன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுக்கிய செய்தியைக் கூறும் கல்வெட்டு ஆராயப்பட்டபோது, இன்று நாம் காணும் ஓவியங்கள் ஒன்பதாம் நூற்றாண்டின என்னும் முடிவு வலுப்பெற்றது. குடைவரை அதனினும் முற்பட்டதா என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் மகேந்திரன் தீட்டுவித்த ஓவியம் என்னும் பழைய கூற்று எண்ணற்ற சிறு நூல்களிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் இன்றளவும் உலவி வருகிறது. திருத்தம் ஓரிரு நூல்களில் இருக்கிறது. பிழை நூறு நூல்களில் இருக்கிறது. பின்னர் வரும் பொருளுக்கு வேண்டுவதாதலின் இவ்வேறுபாட்டை வாசகர் மனத்திற் கொள்க.

சித்தன்னவாசலைத் தற்கால நூல் வழக்கில் முதன்முதற் குறித்தவர் ஒரு கல்லூரி ஆசிரியர். புதுக்கோட்டை மன்னர் கல்லூரியின் முதல்வராக விளங்கிய எஸ். இராதாகிருஷ்ண ஐயர், தாம் 1916இல் வெளியிட்ட புதுக்கோட்டைச் சமஸ்தான வரலாற்று நூலில் இவ்விடத்தைக் குறிப்பிட்டார். ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்று தமிழகத்தின் ஏதோ ஒரு கல்லூரியில் பயிலும் நம் வீட்டுப் பெண் ஒருத்தி, சித்தன்னவாசல் பற்றி ஐந்து பக்கக் கட்டுரை எழுதிவருமாறு பணிக்கப்படுகிறாள் என்று கொள்வோம். அவள் குன்றேற வேண்டுவதில்லை. நூலகம் செல்லவும் வேண்டுவதில்லை. கைப்பேசியில் ஒரு வரியைத் தட்டினால், சாட்ஜிபிடி முதலான செயற்கை நுண்ணறிவுச் செயலி அரை நிமிடத்தில் ஐந்து பக்கத்தையும் எழுதித் தந்துவிடும். 2022 நவம்பரில் பொதுமக்கள் கைக்கு வந்த இவ்வசதி இன்று நகரத்து மாணவர்க்கு மட்டும் உரியதன்று. 2026 ஜனவரியில் தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, இத்தகைய செயலி ஒன்றன் ஆறு மாதச் சந்தாவும் உடன் சேர்ந்தே வந்தது. வந்தவாசி, செஞ்சி, ஆரணிப் பக்கத்து நம் சிற்றூர்ப் பிள்ளைகளின் மேசைக்கும் எந்திரம் வந்துவிட்டது. எனவே இதனைத் தொடலாமா கூடாதா என்னும் வாதம் காலங்கடந்தது. தொட்ட பின் ஒழுக்கம் யாது என்பதே வினா.

எந்திரம் செய்வது யாது என்பதை முதற்கண் தெளிதல் நன்று. உலகில் எழுதப்பட்டவற்றுள் கிடைத்ததையெல்லாம் திரட்டி, சொற்களைச் சிறு துண்டுகளாக்கி, எத்துண்டின் பின் எத்துண்டு வரத்தக்கது என்னும் வாய்ப்பினைக் கோடிக்கணக்கான எண்களாக அது பதித்து வைத்துள்ளது. கேள்வி கேட்டால், அந்த எண்களின்படி அடுத்து வரத்தக்க துண்டை ஒவ்வொன்றாகக் கோத்துத் தருகிறது. நூலைத் திறந்து பார்த்துச் சொல்வது அதன் இயல்பான வேலையன்று. இணையத்தில் தேடிச் சுட்டிகளுடன் விடை தரும் வகைகளும் இப்போது உண்டு. ஆயினும் சுட்டிய இடத்தில் சொல்லிய செய்தி இருக்கிறதா என்று பார்ப்பது படிப்பவன் கடமையாகவே எஞ்சுகிறது. நூறு நூல்களில் உள்ள பிழை ஓரிரு நூல்களில் உள்ள திருத்தத்தை எளிதில் விழுங்கிவிடக் கூடிய அமைப்பு இது. கல்வெட்டில் புள்ளியிட்ட இடம் வந்தால், புள்ளியைப் புள்ளியாக விடுவதைக் காட்டிலும் அங்கே பொருந்துவது போன்ற ஒரு சொல்லை இட்டு நிரப்புவதே அதன் போக்கு. சிறுபான்மையினராகிய நமக்கு இதில் ஒரு தனி இடர் உண்டு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் சமணர் தொகை ஏறத்தாழ 89 ஆயிரமே; அதனுள்ளும் வடநாட்டிலிருந்து வந்து குடியேறியோர் பலர். நயினார் என்னும் பெயர் பூண்டு, தமிழே தாய்மொழியாக வாழும் நம்மைப் பற்றி எழுதப்பட்டது மிகச் சிறிது. சமணர் திருமணம் எவ்வாறு நடைபெறும் என்று கேட்கும் பிள்ளைக்கு, மிகுதியாக எழுதப்பட்ட குஜராத்திய, இராஜஸ்தானிய வழக்கே விடையாக வந்து நிற்றல் கூடும். அதையே தன் குல வழக்கென்று அப்பிள்ளை நம்பிவிடுமாயின், அந்த இழப்பை ஈடுசெய்வார் யார்?

நம் ஆசாரியர்கள் சுருதத்தை இருவகையாகப் பகுத்துள்ளனர். எழுத்தாகவும் ஒலியாகவும் ஏடாகவும் நிற்பது திரவிய சுருதம். அதனைக் கற்ற ஆன்மாவினிடத்து எழும் அறிவு பாவ சுருதம். அறிதல் என்பது உயிரின் குணம். புத்கலத்துக்கு அது இல்லை. அறிவர் என்னும் அழகிய சொல்லால் தீர்த்தங்கரரைக் குறித்த தமிழ், உயிரில்லாத ஒன்றன் பெயரில் நுண்ணறிவு என்னும் சொல்லைச் சேர்த்திருப்பது காலத்தின் வேடிக்கை. எந்திரம் தருவது எவ்வளவு சிறந்ததாயினும் திரவிய சுருதமே. அச்சிட்ட நூலும் அவ்வாறுதானே என்று கேட்கலாம். ஆம், ஆனால் நூலின் பின்னால் அறிந்து எழுதிய ஓர் ஆன்மா இருந்தது, அதன் பெயர் அட்டையில் இருக்கிறது. இதன் பின்னால் ஆயிரமாயிரம் பேர் இருந்தும் ஒருவர் பெயரும் தெரிவதில்லை.

சுருத பஞ்சமி நாளில் நாம் போற்றும் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. ஆகம ஞானம் தம்மோடு மறைந்துவிடுமோ என்று கவலையுற்ற தரசேன ஆசாரியர், தம்பால் வந்த இரு முனிவர்க்கு உடனே பாடஞ் சொல்லவில்லை. ஒருவருக்கு ஓரெழுத்து மிகுதியாகவும் மற்றவருக்கு ஓரெழுத்துக் குறைவாகவும் அமைந்த மந்திரங்களைக் கொடுத்துச் சாதிக்குமாறு பணித்தார். அவர்கள் சாதித்தபோது தோன்றிய தேவியருள் ஒருத்திக்குப் பற்கள் வெளியே நீண்டிருந்தன. மற்றொருத்திக்கு ஒரு கண் இல்லை. தேவர்க்கு உறுப்புக் குறை இருத்தல் இயல்பன்றே, குறை மந்திரத்தில்தான் இருத்தல் வேண்டும் என்று உணர்ந்த இருவரும், தம் இலக்கண அறிவு கொண்டு மிகுந்த எழுத்தை நீக்கியும் குறைந்த எழுத்தைச் சேர்த்தும் மீண்டும் ஓத, தேவியர் முழு வடிவில் தோன்றினர். அதன் பின்னரே ஆசாரியர் அவர்களைப் பாடங் கேட்கத் தகுதியுடையவராக ஏற்றார். அவர்களே புஷ்பதந்தரும் பூதபலியும். பின்னர் ஷட்கண்டாகமத்தை ஏட்டில் எழுதியவர்கள். பூதபலி பின்னர்த் திரமிள தேசம், அதாவது நம் தமிழ்நாடு நோக்கி வந்தார் என்பதும் நம் மரபு.

இந்தத் தேர்வை இன்றைய கல்லூரித் தேர்வோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொடுத்ததை அப்படியே ஒப்பித்தலை ஆசாரியர் சோதிக்கவில்லை. கொடுத்ததில் உள்ள குறையைக் கண்டறியும் ஆற்றலையே சோதித்தார். இருவரும் பிழையைக் கண்டது, தேவி எவ்வாறு இருப்பாள் என்பதை முன்னரே அறிந்திருந்தமையால். எந்திரம் தரும் விடையில் இன்னுமோர் இடர் உண்டு. பிழையான விடையிலும் தேவி இரு கண்ணும் முத்துப் பல்லுமாகவே தோன்றுகிறாள். நடை தெளிவாக இருக்கும். ஆண்டும் பெயரும் மேற்கோளும் ஒழுங்காக அமைந்திருக்கும். தயக்கம் ஓரிடத்தும் இராது. முன்னறிவு இல்லாதவனுக்கு அதில் பிழை இருப்பதாகவே தோன்றாது. ஆகவே, ஒன்றைப் பற்றி ஏதும் கற்குமுன் எந்திரத்தை நாடுவதும், கற்ற பின் நாடுவதும் ஒருதன்மையன அல்ல. முதலாண்டு மாணவனுக்கும் ஆய்வு மாணவனுக்கும் ஒரே விதி செய்யும் கல்லூரிகள் இவ்வேறுபாட்டைக் கருதுவது நல்லது.

நிற்க. பிழை நேர்ந்தால் பழி யாரைச் சாரும்? எந்திரம்தான் எழுதிற்று, நான் எழுதவில்லை என்னும் விடையை இப்போது அடிக்கடி கேட்கிறோம். 2023ஆம் ஆண்டு நியூயார்க் நகரக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இருவர், சாட்ஜிபிடி புனைந்து தந்த, எக்காலத்தும் நடைபெறாத வழக்குகளை முன்தீர்ப்புகளாகக் காட்டினர். நீதிபதி அவர்களுக்கும் அவர்தம் நிறுவனத்துக்கும் 5,000 டாலர் தண்டம் விதித்தார். 2024 டிசம்பரில் பெங்களூரு வருமானவரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வழங்கிய ஆணையொன்றிலும் எங்கும் இல்லாத தீர்ப்புகள் எடுத்தாளப்பட்டிருந்தமை தெரியவர, அவ்வாணை விரைவிலேயே திரும்பப் பெறப்பட்டது. சட்டம் பயின்றோரே இவ்வாறு இடறியபோது பத்தொன்பது வயதுப் பிள்ளை இடறுவதில் வியப்பில்லை.

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் வினை வரவின் வாயில்களை வகுக்கும்போது, தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் ஆகிய மூன்றையும் ஒருங்கு வைத்துள்ளார். இம்மூன்றும் மனம், மொழி, மெய் ஆகியவற்றோடும், எண்ணல், முயலல், செய்யத் தொடங்கல் ஆகிய நிலைகளோடும், நான்கு கஷாயங்களோடும் உறழ்ந்து நூற்றெட்டாகும் என்பது நம் பாடசாலைச் சிறார் அறிந்த கணக்கு. எந்திரத்துக்கு விரதமும் இல்லை, வினையும் இல்லை. அதனை ஏவியவன் செய்வித்தவன். அதன் விடையைப் படியாமலே கையொப்பமிட்டுக் கொடுத்தவன் உடன்பட்டவன். பங்கு போட்டுக்கொள்ள எந்திரம் வராது. இன்னும் ஒன்று. ஏழாம் அத்தியாயத்தில் கொலையை வரையறுக்கும் இடத்தில் வரும் பிரமாதம், அதாவது விழிப்பின்மை, பொய்க்கும் களவுக்கும் சேர்த்தே கொள்ளப்படும் என்பர் உரையாசிரியர். ஏமாற்றும் எண்ணம் எனக்கு இல்லை என்பது முழு விடையாகாது. விழிப்பின்றி இருந்தாயா என்பதே நம் நூல் கேட்கும் கேள்வி.

அதே அத்தியாயத்தில் சத்திய அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் கூடலேகக்கிரியை என்பது ஒன்று. பொய்ப்பத்திரம் எழுதுதல் என்று இதனைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். உரைநூல்களின் விளக்கம் அதனினும் நுட்பமானது: ஒருவர் சொல்லாததை அவர் சொன்னார் என்றும், செய்யாததைச் செய்தார் என்றும் எழுதி வைத்தல். இல்லாத நூலின் இல்லாத பக்கத்தை ஓர் அறிஞர் பெயரால் மேற்கோள் காட்டும் கட்டுரைக்கு இதனினும் பொருத்தமான பெயர் வேறு உண்டா? களவு விலக்கின் அதிசாரங்களுள் பிரதிரூபக வியவகாரமும் ஒன்று. நல்ல சரக்கோடு அதுபோன்றதொரு போலிச் சரக்கைக் கலந்து விற்றல். நெய்க்கும் பொன்னுக்கும் சொன்ன அவ்விதி இன்று சொல்லுக்கும் குரலுக்கும் முகத்துக்கும் வேண்டியதாகிவிட்டது.

எனினும், மாணவர் விஷயத்தில் தலையாயதாக நாம் கருதுவது இவை எவற்றினும் எளிதான ஒன்று. ஞானாசாரத்தின் எட்டு உறுப்புகளுள் அநிஹ்நவம் என்பது ஒன்று. யாரிடம் கற்றோமோ, எந்நூலிற் கற்றோமோ அதனை மறைக்காதிருத்தல் என்பது அதன் பொருள். மறைத்தலாகிய நிஹ்நவத்தை ஞானாவரணீய வினை வருதற்குக் காரணங்களுள் ஒன்றாக உமாசுவாமிகள் வைத்துள்ளார். கற்ற இடத்தை மறைப்பவனுக்குக் கல்வியே மறைபடும் என்பது இதன் கருத்து. பிறர் உரிமைக்குக் கேடு என்று மேலை நாட்டார் இதனைக் குற்றமாக்கினர். நம்மவரோ மறைப்பவனுடைய அறிவுக்கே கேடு என்று கண்டனர்.

இளங்கௌதமன் செயலை இங்கே எண்ணிப் பாருங்கள். உள்மண்டபத்தைப் புதுக்கினான், முகமண்டபத்தைச் செய்தான் என்பது அறிவர் கோயிற் கல்வெட்டின் செய்தி. முன்னரே இருந்ததைப் புதுக்கியது எது, தான் புதிதாய்ச் சேர்த்தது எது என்னும் பிரிப்பு அந்தக் கல்லிலேயே இருக்கிறது. கோயில் முழுதும் தன்னால் ஆயிற்று என்று பொறித்திருந்தால் மறுப்பதற்கு இன்று யார் உளர்?

கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887இல் பதிப்பித்த வரலாறும் இதனைச் சார்ந்ததே. சமணக் காப்பியத்தைப் பதிப்பிக்கப் புகுந்த அந்தச் சைவ அறிஞர், உரையில் வரும் சமயக் கருத்துகள் விளங்காதபோது கும்பகோணத்தில் வாழ்ந்த நம்மவர் வீடு தேடிச் சென்றார். சந்திரநாத செட்டியார் முதலான சிராவகர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்தார். கற்றது யாரிடம் என்பதைப் பிற்பாடு தம் சுயசரிதத்திலும் மறைக்காமல் எழுதினார். கல்லூரி ஆசிரியர் ஒருவர் தம் மாணவர் காண, தெரியாததைத் தெரியாதென்று கொண்டு மற்றொரு சமயத்தார் வாயிலில் போய் அமர்ந்தார். நூலின் பெருமையோடு இந்தப் பணிவின் பெருமையையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லல் வேண்டும்.

ஆகவே எந்திரத்தின் துணையைக் கொண்ட மாணவன், கொண்டேன் என்று கட்டுரையின் கடைசியில் இரண்டு வரி எழுதுவானாக. எதற்குக் கொண்டான், எதனைத் தான் சரிபார்த்தான் என்பதையும் சேர்த்து எழுதினால் போதும். ஆங்கில இலக்கணம் திருத்திக்கொள்வதும், கடினமான பாடத்தை எளிய சொல்லில் விளக்கச் சொல்லிக் கேட்பதும், பார்வைக் குறையுடைய பிள்ளை நூலைக் குரலாகக் கேட்பதும் நல்ல பயன்களே. இவற்றைச் செய்துவிட்டு வெளியே சொல்ல அஞ்சும் நிலையில் மாணவரை வைத்திருக்கும் கல்லூரி, நிஹ்நவத்தைத் தானே கற்பிக்கிறது என்று சொல்வதில் தவறில்லை. சொல்பவனைத் தண்டித்து, மறைப்பவனை மதிப்பெண்ணால் வாழ்த்தும் விதி எங்கும் நிலைக்காது.

ஆசிரியர் பக்கமும் அறம் உண்டு. எந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கும் எந்திரங்கள் என்று சில விற்பனைக்கு வந்துள்ளன. அவற்றின் எண்ணை வேதவாக்காகக் கொண்டு மாணவரைக் குற்றவாளியாக்கும் வழக்கம் பரவி வருகிறது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர் தாமே எழுதிய கட்டுரைகளிற் பாதிக்கு மேற்பட்டவற்றை இத்தகைய கருவிகள் எந்திரக் கட்டுரை என்று தவறாகக் குறித்தமையைக் காட்டினர். எளிய, வரையறுத்த சொற்களால் எழுதுவோர்க்கே இப்பழி மிகுதியாக வருகிறது. அரசுப் பள்ளியில் தமிழ்வழி பயின்று கல்லூரியில் ஆங்கிலத்தில் எழுத முயலும் நம் பிள்ளை எழுதுவதும் அவ்வாறுதான். 2024இல் அரியானா மாநிலத்து ஓ.பி. ஜிண்டால் குளோபல் பல்கலைக்கழகச் சட்ட மாணவர் ஒருவர், எந்திரம் எழுதிய விடை என்று தம்மைத் தோல்வியுறச் செய்தமையை எதிர்த்துப் பஞ்சாப் - அரியானா உயர்நீதிமன்றம் சென்றார்; பின்னர்ப் பல்கலைக்கழகம் அவரைத் தேர்ச்சி பெற்றவராக ஏற்றுக்கொண்டது. ஐயம் உண்டானால் மாணவனை எதிரே அமர்த்திப் பத்து நிமிடம் பேசிப் பார்க்கலாம். தரசேனர் செய்ததும் ஒருவகையில் அதுவே. நேரம் இல்லை என்பார்கள். அறுபது பேர் கொண்ட வகுப்பில் அது மெய்தான். நேரமின்மை வீண்பழிக்கு நியாயமாகாது.

இனித் தரவு பற்றிய செய்தி. இதில் நம் குடும்பங்கள் போதிய கவலை கொள்ளவில்லை என்பது நம் எண்ணம். 2014 ஜனவரியில் சமணர் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்ட பின்னர், உதவித்தொகை நாடும் நம் பிள்ளைகள் சமயச் சான்று, வருமானச் சான்று, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் யாவற்றையும் கல்லூரி அலுவலகத்தில் ஒப்படைக்கின்றனர். வருகைப் பதிவு, மதிப்பெண், விடுதி உணவு, நோய் விடுப்பு என்று வேறு பலவும் அங்கே சேர்கின்றன. இவற்றையெல்லாம் ஒரு பட்டியலாக்கி, அட்டவணை அழகாக வரட்டும் என்று அலுவலர் ஒருவர் வெளிநாட்டுக் கணினிகளில் இயங்கும் செயலியொன்றில் ஒட்டிவிட்டால், அது போன இடத்தை அவரும் அறியார். தீய எண்ணம் எள்ளளவும் இருந்திராது. ஆயினும் மேலே சொன்ன ஐந்து அதிசாரங்களுள் மற்றொன்றாகிய நியாசாபகாரம் இங்கே வந்து பொருந்துகிறது. அடைக்கலமாகப் பொருள் வைத்தவன் எவ்வளவு வைத்தோம் என்பதை மறந்து குறைத்துக் கேட்டால், அவ்வளவுதான் என்று ஒப்புக்கொண்டு மீதியை வைத்துக்கொள்ளுதல் என்பர் உரையாசிரியர். தாம் கொடுத்தது எவ்வளவு என்பதை இன்று எந்தப் பெற்றோர் கணக்கிட்டுச் சொல்ல முடியும்?

சாகாரமந்திரபேதம் என்னும் அதிசாரம் இன்னும் வியப்புக்குரியது. ஒருவன் முகக்குறிப்பு, புருவ அசைவு முதலியவற்றால் அவன் உள்ளக் கருத்தை ஊகித்து அதனை வெளியிடுதல் என்பது அது. அவன் சொல்லவில்லை, குறிகளைச் சேர்த்துப் பிறர் கண்டுகொண்டார். விடுதி உணவுக் குறிப்பிலிருந்து சமயத்தையும், விடுப்பு நாட்களிலிருந்து நோயையும், கட்டணம் கட்டிய தேதிகளிலிருந்து வறுமையையும் கணித்துவிடும் கருவிகளின் தொழில் இதுதான். இந்த மாணவி படிப்பை நிறுத்திவிடக்கூடும் என்று கணினி குறித்துக் கொடுத்தால், அதை உதவி செய்யப் பயன்படுத்துவதும், இடம் மறுக்கப் பயன்படுத்துவதும் கல்லூரி மனப்பான்மையைப் பொறுத்தது. 2017இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தது. 2023இல் மின்வழித் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பதினெட்டு வயது நிரம்பாதவர் தரவுக்குப் பெற்றோர் இசைவு வேண்டும் என்பது அதன் கூறுகளுள் ஒன்று. தமிழ்நாடு அரசும் 2020இலேயே பாதுகாப்பான, அறம் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கெனக் கொள்கை ஒன்றை வெளியிட்டுள்ளது. சேர்க்கை நாளில் நீட்டப்படும் படிவத்தில் கையெழுத்திடுமுன், எதற்காக, யாரிடம், எத்தனை காலம் என்று மூன்று கேள்விகளைப் பெற்றோர் கேட்கலாம். கேட்பதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளும் கல்லூரியைப் பற்றி அப்போதே ஒன்று தெரிந்துவிடும்.

இறுதியாக, நம் சமுதாயமே விடை காண வேண்டிய ஒரு கேள்வி. நம் மடத்திலும் இல்லங்களிலும் உள்ள ஏட்டுச்சுவடிகளைப் படமெடுத்து எந்திரங்கள் கற்கும்படி வெளியிடலாமா? வெளியிடாவிடில் நம்மைப் பற்றிய பிழைகள் எண்ணிக்கையால் வென்றுகொண்டே இருக்கும். வெளியிட்டால் யாரோ ஒரு நிறுவனம் நம் முன்னோர் உழைப்பை விலைபொருளாக்கும். கொடாததைக் கொள்ளுதல் களவு என்பது நம் நூல். ஆனால் நாமே கொடுத்தால் அது சாத்திர தானம். கொடுப்பதே தக்கது என்பது நம் துணிபு, ஒரு நிபந்தனையோடு: சுவடி எவ்வூரினது, யார் இல்லத்தது, படியெடுத்தவர் யார், சிதைந்த இடம் எது என்பவை ஒவ்வோர் ஏட்டோடும் பிரியாமற் செல்லல் வேண்டும். எந்திரம் அவற்றை உதிர்த்துவிடலாம். மூலத்தைத் தேடி வரும் மாணவனுக்கு அவை கிடைக்கும்படி இருந்தால் போதும். இதற்கு மாறான கருத்துடைய பெரியோர் உளர். அவர்கள் எழுதுவார்களாயின் இவ்விதழில் இடம் கிடைக்குமென நம்புகிறோம்.

வரும் சுருத பஞ்சமியை ஒட்டி, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி வட்டாரக் கல்லூரிகளில் பயிலும் நம் இளைஞர் பத்துப் பேரேனும் சித்தன்னவாசலுக்குச் சேர்ந்து செல்ல வேண்டும் என்று விழைகிறோம். சித்தன்னவாசல் பற்றி எந்திரம் எழுதிய கட்டுரை ஒன்றை ஆளுக்கொரு படி கையில் எடுத்துச் செல்லட்டும். முதலில் அறிவர் கோயிலில் இளங்கௌதமன் கல்வெட்டின் முன் நின்று, பின்னர் ஏழடிப்பட்டம் ஏறி, வரி வரியாக ஒப்பிட்டு, உள்ளது எது, இல்லாதது எது, சொல்ல இயலாதது எது என்று ஓரத்திற் குறித்து வரட்டும். மூன்றாவதற்குப் புள்ளியிடுக. ஏழடிப்பட்டத்துப் பாறை வழியில் நிழல் கிடையாது. கோடை வெயில் ஏறுமுன் காலையிலேயே புறப்படுவது நன்று.